மழைநீர் இணைப்பு வழியாகத்தான் நுழைகிறது: மொட்டைமாடி, ஓடு, ஷீட் கூரைகளில் ஒழுக்கைத் தடுக்கும் வழிகள்



நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் மூன்று மழைக்காலங்கள் தொடர்ந்து ஒரே மூலையில் ஒழுகியது. கிதாபுகள் இருந்த அலமாரிக்கு நேர் மேலே. முதல் வருடம் அலமாரியை நகர்த்தி வைத்தோம். இரண்டாம் வருடம் மஹல்லாவில் வசூல் செய்து, மொட்டைமாடி முழுவதும் தண்ணீர் இறங்காத பெயிண்ட் என்று சொல்லப்பட்டதை அடித்தோம். மாடி வெள்ளை வெளேரென்று ஆனது. மூன்றாம் வருடம் ஐப்பசியின் முதல் மழையிலேயே அதே இடத்தில் சொட்டியது.

கடைசியில் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் மேலே ஏறியதும் தளத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கைப்பிடிச்சுவரின் அடிக்குப் போய் உட்கார்ந்து, கரண்டி முனையால் கீறினார். பெயிண்டுக்கு அடியில் ஏழெட்டு அடி நீளத்துக்கு விரிசல் இருந்தது. "தண்ணி தளத்துல எறங்கல பாய். சொவத்துக்கும் தளத்துக்கும் நடுவுல எறங்குது" என்றார். இரண்டு நாள் வேலைதான். அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகு அங்கே ஒழுகவில்லை. ஆனால் நனைந்த கிதாபுகளில் சிலவற்றை மீட்க முடியவில்லை. மக்கள் கொடுத்த பணத்தைத் தவறான இடத்தில் செலவழித்தோமே என்ற உறுத்தலும் இன்னும் இருக்கிறது.

அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் பெரும்பாலான ஒழுக்குகள் கூரையின் நடுவில் உண்டாவதில்லை. தளம் சுவரைத் தொடும் இடம், இரண்டு சரிவுகள் சேரும் இடம், குழாய் துளைத்துப் போகும் இடம் என்று ஏதாவது ஓர் இணைப்பில்தான் உண்டாகின்றன. இணைப்பைக் கவனித்தால் செலவு குறையும், வீடும் நிலைக்கும்.

இணைப்பு ஏன் விட்டுக்கொடுக்கிறது?

வெயிலில் எல்லாப் பொருளும் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. 20 அடி நீளமுள்ள இரும்பு ஷீட் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அது முட்டிக்கொண்டிருக்கும் செங்கல் சுவர் அந்த அளவு அசையாது. அப்படியிருக்க இரண்டுக்கும் நடுவே சிமெண்டுக் கலவையை அப்பி வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? கான்கிரீட் தளத்துக்கும் அதன்மேல் எழும்பும் கைப்பிடிச்சுவருக்கும் இடையிலும் இதே இழுபறி நடக்கிறது. மயிரிழை விரிசல் விழுகிறது. மழைநீருக்கு அது போதும்.

இதற்குத் தீர்வு, இணைப்புக்கு மேல் ஒரு மறைப்பு வைத்து, தண்ணீரை அந்த இணைப்பைத் தாண்டி விழச் செய்வது. ஷீட் வேலை செய்பவர்கள் இதை 'பிளாஷிங்' என்பார்கள். பெயர் புதிது, அறிவு பழையது. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்கிய குகைகளின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறை மேல் வழிந்து வரும் மழைநீர் உள்ளே படுக்கை வரை ஓடிவராமல், அந்தக் காடியிலேயே அறுபட்டு வெளியே சொட்டிவிடும். நம் வீட்டுச் சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் விடப்படும் சிறு பள்ளமும் அதே வேலையைத்தான் செய்கிறது. பூச்சு வேலையின்போது அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கூரைக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: மேலே இருப்பது, கீழே இருப்பதன் மீது படிந்திருக்க வேண்டும். ஓட்டின் மேல் ஓடு அடுக்குவது போல.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பது

உள்ளே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தளத்துக்குள் இறங்கிய தண்ணீர், கம்பியையும் சரிவையும் பிடித்துக்கொண்டு பல அடி தள்ளி வந்து சொட்டும். சில அடையாளங்கள் உதவும்.

• மழையே இல்லாத நாட்களிலும் ஈரம் இருந்தால், பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி, குழாய் அல்லது மாடிக் குளியலறைதான் காரணம்.
• சுவரும் கூரையும் சேரும் கோட்டில் ஓதம் நீளமாகப் படர்ந்தால், கைப்பிடிச்சுவரின் அடியைப் பாருங்கள்.
• மழை விட்டு வெகுநேரம் கழித்தும் சொட்டினால், தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள்.
• வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், அந்த வழியாகத் தண்ணீர் பலமுறை வந்து காய்ந்திருக்கிறது.

உறுதி செய்ய ஹோஸ் குழாய் போதும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே, இருவர் கையிலும் போன். தாழ்வான இடத்தில் தொடங்கி, ஓர் இணைப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வீதம் தண்ணீர் விட்டு, மெதுவாக மேலே நகருங்கள். எங்கே விடும்போது கீழே ஈரம் தெரிகிறதோ, அங்கே சுண்ணாம்பால் குறி போடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தண்ணீரைக் கொட்டினால் எதுவும் தெரியாது.

வடிகாலை அடைத்து மாடியில் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதும் உண்டு. 1,000 சதுர அடியில் 1 அங்குலம் தண்ணீர் நின்றாலே 2 டன்னுக்கு மேல் எடை. நல்ல கான்கிரீட் தளம் தாங்கும். திருமயம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பது போல மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸில் இதைச் செய்யக் கூடாது.

மொட்டைமாடியும் கைப்பிடிச்சுவரும்

நம் பகுதியில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பது நெடுநாள் வழக்கம். தண்ணீர் ஓட, 10 அடிக்கு 1 அங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரிவு வேண்டும். சரிவு சரியாக இருந்தும் ஒழுகினால், சுவரடியில் கீழ்க்கண்ட முறையில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

1. விரிசலை மேலே பூசி மூடக் கூடாது. உளியால் அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்கு வெட்டித் திறக்க வேண்டும். தட்டினால் 'பொள பொள' என்று சத்தம் வரும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட வேண்டும்.
2. கம்பி பிரஷால் தேய்த்து, தூசியும் பாசியும் போகக் கழுவ வேண்டும். தூசியின் மேல் எந்தக் கலவையும் ஒட்டாது.
3. ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல் கலவையில், ஒட்டும் தன்மைக்காக விற்கப்படும் லேடக்ஸ் திரவத்தைச் சேர்த்து, வெட்டிய இடத்தை அழுத்தி நிரப்ப வேண்டும்.
4. சுவரும் தளமும் சேரும் மூலையை நேர்கோணமாக விடாமல், இரண்டு மூன்று அங்குல அளவில் சாய்வாகப் பூச வேண்டும். மூலையில் தண்ணீர் நிற்காது. மேலே அடிக்கும் பூச்சும் மடிப்பில் கிழியாது.
5. நன்றாக உலர்ந்த பிறகு, நீண்டு சுருங்கும் தன்மையுள்ள வாட்டர் புரூஃப் பூச்சை இரண்டு முறை அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும். இந்தப் பட்டை சுவரில் குறைந்தது அரை அடி ஏற வேண்டும், தளத்தில் ஓர் அடி பரவ வேண்டும்.
6. பட்டையின் மேல் விளிம்பு சுவரில் வெட்டிய காடிக்குள் முடிய வேண்டும். வெறும் சுவரில் முடிந்தால், சுவரில் வழியும் தண்ணீர் அதன் பின்பக்கமாக இறங்கும்.

கைப்பிடிச்சுவரின் உச்சியையும் மறக்காதீர்கள். அங்கே விரிசல் இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, நீங்கள் போட்ட பட்டைக்கு அடியில் வந்து சேரும். உச்சிப் பூச்சு மாடிப் பக்கம் சரிந்திருப்பது நல்லது.

அடுத்து, துளைகள். வடிகால் குழாயின் வாய், தொட்டிக்குப் போகும் குழாய், டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் தகடுக்கும் அடித்த போல்ட், கொடிக் கம்பி நட்ட குழி ஆகிய ஒவ்வொன்றும் ஓர் இணைப்புதான். புதிதாக யார் எதைப் பொருத்த வந்தாலும், துளையிட்ட இடத்தை அன்றே அடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஒழுகுகிறது என்பதற்காகத் தளத்தின் மேல் இன்னொரு கலவை அடுக்கு போடும் வழக்கம் இருக்கிறது. 1,000 சதுர அடியில் 1 அங்குலக் கலவை சுமார் 5 டன் எடை. ஏற்கெனவே ஈரம் இறங்கிப் பலமிழந்த தளத்தின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றலாமா?

ஓட்டு வீடுகள்

ஓட்டு வீட்டில் உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். சிக்கல் மூன்று இடங்களில்.

ஒன்று, முகடு. முகட்டு ஓடுகளுக்கு இடையே பூசிய காரை வெடித்து உதிரும். பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சுண்ணாம்புக் கலவை கொஞ்சம் அசைவைத் தாங்கும். வெறும் சிமெண்ட் சீக்கிரம் வெடிக்கும்.

இரண்டு, மூலைப் பள்ளம். முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகளும் உள்நோக்கி இறங்கும் வீடுகளில், இரண்டு சரிவுகள் சேரும் ஒவ்வொரு மூலையிலும் அடியில் தகரக் கால்வாய் இருக்கும். கூரையிலேயே அதிகத் தண்ணீர் ஓடும் இடம் இதுதான். இலைகுப்பை அடைத்தால் தண்ணீர் இருபுறமும் ஏறி ஓட்டுக்கு அடியில் போய்விடும். தகரம் துருப்பிடித்தால் மேலே தாரைத் தடவி ஒப்பேற்றுவது ஒரு மழைக்குத்தான். மாற்றும்போது தகரம் இருபுறமும் ஓட்டுக்கு அடியில் அரை அடியாவது போகட்டும், விளிம்புகள் மேல்நோக்கி மடங்கியிருக்கட்டும். மேல் துண்டு கீழ்த் துண்டின் மீது அரை அடி படியட்டும். கால்வாயின் நடுவில் ஆணி அடிக்கவே கூடாது.

மூன்று, ஓட்டுச் சரிவு உயரமான சுவரில் முட்டும் இடம். மாடி வீட்டுச் சுவரை ஒட்டித் தாழ்வாரம் இறக்கியிருப்போமே, அங்கே. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கலவையை அப்பிவிடுவதுதான் வழக்கம். சரியான முறை வேறு. ஓட்டுக்கு அரை அடி மேலே சுவரில் 1 அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மடித்த தகரத்தின் மேல் விளிம்பை அதில் செருகி, காடியை அடைக்க வேண்டும். தகரத்தின் கீழ்ப்பக்கம் ஓட்டின் மேல் அரை அடி படிந்து, ஒட்டாமல் சும்மா கிடக்க வேண்டும். ஓடு அசைந்தாலும் மறைப்பு விலகாது.

ஷீட் கூரைகள்

2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தில் எத்தனை கூரைகளைப் பிய்த்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஓடும் கீற்றும் போன இடங்களில் பலர் கலர் ஷீட் போட்டார்கள். அவசரத்தில் போட்ட வேலைகள் இப்போது வயதாகி ஒழுகத் தொடங்கியிருக்கின்றன. பார்க்க வேண்டியவை இவை.

ஸ்க்ரூவின் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். வெடித்திருந்தால் ஸ்க்ரூவை வாஷரோடு மாற்ற வேண்டும். பழைய துளை பெரிதாகியிருந்தால் ஒரு சுற்று தடிமனான ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்திருந்தால் முதலில் ஒழுகுவது அதுதான். காற்றுக்குப் பிடிமானமும் இந்த ஸ்க்ரூக்களே. ஆகவே இது புயலுக்கான பாதுகாப்பும் கூட.

ஷீட் சுவரில் முட்டும் இடத்தில் பிளாஷிங் ஷீட் இருக்கிறதா, அதன் மேல் விளிம்பு சுவர்க் காடிக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே சுவரில் ஆணி அடித்து மேலே சீலண்ட் தடவியிருந்தால் ஓரிரு வருடத்தில் விலகிவிடும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அரை அடி மேற்படிவு வேண்டும்.

சீலண்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. திறந்ததும் வினிகர் போலப் புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான், ஷீட்டின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். 'நியூட்ரல்' என்று எழுதிய சிலிகான் அல்லது பாலியூரிதேன் சீலண்ட் கேட்டு வாங்குங்கள். ஈரமான சிமெண்டும் அந்தப் பூச்சைக் கெடுக்கும். ஆகவே ஷீட்டின் மேல் கலவை அப்புவது இரட்டைத் தவறு.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதை அறுக்கவோ, துளையிடவோ, காய்ந்த நிலையில் தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காமல் உடையும். அதன்மேல் நேராகக் கால் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

மின்விசிறி மாட்டிய இடத்திலோ, லைட் பெட்டியிலோ, சுவிட்ச் போர்டிலோ தண்ணீர் இறங்கினால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. பாத்திரம் வைப்பதெல்லாம் பிறகு. எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

கூரையின் அடியில் பழுப்புக் கறை கோடு கோடாக ஓடினாலும், பூச்சு உப்பினாலும், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பெயர்ந்து விழும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்கும். அந்த இடத்துக்குக் கீழே தொட்டில் கட்டுவதையும், படுப்பதையும் இன்றே நிறுத்துங்கள். கம்பி வெளியே தெரிந்தால் அது கொத்தனார் மட்டும் முடிக்கும் வேலையல்ல. பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.

மழை பெய்யும்போது கூரையில் ஏற வேண்டாம். ஏணியையும் கம்பியையும் தூக்கும்போது மேலே கரண்ட் ஒயர் போகிறதா என்று பாருங்கள்.

வேலை கொடுக்கும்போது

"ஹஜ்ரத், அவுக சவூதியில இருக்காக. கொத்தனார் சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு சகோதரி கேட்டார். நம் ஊர்களில் பல வீடுகளின் நிலை இதுதான். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் தருகிறேன்.

வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசாதீர்கள். சதுர அடிக்குக் கூலி என்றால், பெயிண்ட் அடிக்க எளிதான நடுத்தளம்தான் பளபளப்பாகும். எத்தனை அடி நீளச் சுவரடி, எத்தனை குழாய் வாய், எத்தனை மூலை என்று இணைப்புகளை எண்ணிப் பேசுங்கள். என்ன பொருள், எத்தனை பூச்சு, வலை உண்டா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

வெட்டித் திறந்த விரிசல், கழுவிய பிறகு, வலை பதித்த பிறகு என மூன்று கட்டங்களிலும் படம் எடுத்து வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்புங்கள். மேலே பூசிவிட்டால் எதுவும் தெரியாது. தினக்கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத் தொகையின் கடைசிப் பகுதியை மட்டும், ஹோஸ் குழாயால் சோதித்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டுச் சுவர்

நம் மாடித் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் வழிந்து, அங்கே ஓதம் ஏறினால் அது நம் பொறுப்பு. கூரைத் தண்ணீரை வெளியேற்றும் மீஸாபைப் பற்றி ஃபிக்ஹ் நூல்கள் தனியாகவே பேசுகின்றன. உம்ரா சென்றவர்கள் கஅபாவின் மீஸாபைப் பார்த்திருப்பீர்கள். அண்டை வீட்டாருக்குத் தீங்கு தருவதைத் தடுத்த மார்க்கத்தில், கூரைத் தண்ணீர் விழும் இடமும் கணக்கில் வரும். குழாயை நீட்டி, தண்ணீரை நம் எல்லைக்குள் மழைநீர்க் குழியில் விடுவது நல்லது. தமிழகத்தில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். வறட்சி தெரிந்த நம் மாவட்டத்தில் அது சுவரை நனைத்து வீணாவதைவிடக் கிணற்றில் ஊறுவது மேல்.

எப்போது செய்வது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. ஆவணி, புரட்டாசியிலேயே மாலை இடிமழை வந்துவிடும். ஆகவே ஆனியில் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். ஆடிக்குள் பழுதுபார்த்து முடியுங்கள். புரட்டாசிக் கடைசியில் வடிகால் வாய்களையும் தகரக் கால்வாய்களையும் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இலைகுப்பையை அள்ளுங்கள். தை பிறந்ததும், எங்கெல்லாம் கறை விழுந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆனியில் எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த நோட்டு சொல்லும்.

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகளுக்கும் இதே கணக்குதான். அது வக்ஃபு சொத்து, அமானிதம். ஒழுகத் தொடங்கிய பிறகு வசூலுக்குப் போவதைவிட, வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆளை ஏற்றி இணைப்புகளைப் பார்க்கச் சொல்வது எவ்வளவோ மலிவு. மூன்று மழைக்காலம் தாமதித்த அனுபவத்தில் சொல்கிறேன்.